பெயர் மாற்றப்பட்டுள்ளது

ஆய்வறிக்கை வெளியான அன்று காலை, பால் வாங்கப் போய்த் திரும்பிய தையல்காரியை அவள் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் கண்ணில் கோளாறு கிடையாது, புத்தியும் தெளிவு. மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரைப் பாக்கணும்ங்க?" என்று கேட்டாள். சுவரில் மகளின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. "விளையாடாதம்மா" என்று இவள் சொல்ல, அம்மா பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறிக்கையை எழுதிய ஆராய்ச்சிக்காரியைக் குறை சொல்ல முடியாது, நல்ல மனுஷி. மகன் என்று வளர்க்கப்பட்டு மகளாக வாழ்கிறவர்கள், ஆணோடு ஆணாகவும் பெண்ணோடு பெண்ணாகவும் குடித்தனம் நடத்துகிறவர்கள் என்று தேடிப்போய்ப் பேசினாள். கேட்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் கேட்டாள். அழுதால் ஒலிப்பதிவை நிறுத்தினாள். "உங்களை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, அதுக்கு நான் பொறுப்பு" என்றாள். அதை நம்பித்தான் தையல்காரி யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். பல வருஷம் பழைய பெயரையே சொல்லி அதட்டிக்கொண்டிருந்த அம்மா, ஒருநாள் அடுப்படியிலிருந்து "வாடி, சாப்பிடு" என்று கூப்பிட்டதையும், தட்டில் கை வைக்க முடியாமல் தான் அழுததையும் சொன்னாள். அறிக்கையில் தையல்காரி ரொட்டிக்கடைக்காரி ஆனாள், இடது கன்னத்துத் தழும்பு வலது முழங்கைக்குப் போனது, அம்மா அத்தையானாள். கொடுத்த வாக்கு அட்சரம் பிசகாமல் பலித்தது.

தையல் கடை முதலாளி அவளைப் புது ஆளென்று நினைத்து, ஒரு காலர் தைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவளுடைய பழைய மெஷினிலேயே உட்காரவைத்தார். முன்பு இருந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டாள் என்று அவளிடமே திட்டினார். ஆய்வில் பேசிய மற்றவர்களுக்கும் இதே கதிதான். அறிக்கையால் நல்லதும் நடந்தது. ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்து இளிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

தையல்காரி ஆராய்ச்சிக்காரியைத் தேடிப் போனாள். "எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு சொன்னீங்களே, என்னை அதுலேருந்து எடுத்துடுங்க" என்றாள். ஆராய்ச்சிக்காரிக்கும் அவளைத் தெரியவில்லை. எந்தக் கதை யாருடையது என்று காட்டும் குறிப்பை விதிப்படி என்றைக்கோ அழித்தாகிவிட்டது. "அத்தை கூப்பிட்டாங்கன்னு வருதே, அது என் அம்மாதான்" என்று இவள் மன்றாடினாள். "அறிக்கையைப் படிச்ச யார் வேணும்னாலும் அதைச் சொல்லலாமேம்மா. வேற ஒருத்தரோட கதையை நான் எடுத்துட்டா அது அவங்களுக்குப் பண்ற துரோகமில்லையா?" என்று சொல்லி அவளும் கூட உட்கார்ந்து அழுதாள். விஷயம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. குழு தீர விசாரித்து, எந்த விதியும் மீறப்படவில்லை என்று திருப்தி தெரிவித்தது. யார்மீது கோபப்படுவது என்றுகூடத் தெரியாத கொடுமை அது.

மகள் திரும்புகிற வழியாகத் தெரியாததால், அம்மா அவள் அறையை வாடகைக்கு விட்டாள். தையல்காரியே குடிவந்தாள். தன் கட்டிலில் படுத்து, தன் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டாள். சாயங்காலங்களில் அம்மா மகளைப் பற்றிப் பேசுவாள். "நான் அவளைக் கொஞ்சமாவா படுத்தினேன்? அந்தக் கோவம்தான், போயிட்டா" என்பாள். "கோவமெல்லாம் இருக்காதும்மா" என்பாள் தையல்காரி. அதற்குமேல் சொன்னால் அம்மா பயந்துவிடுவாள், அறையும் போய்விடும்.

ஒருநாள் அம்மா பூப்போட்ட துணியோடு வந்து, "எம்பொண்ணுக்கு ஒரு சட்டை தைக்கணும்ங்க. உங்க உடம்புவாகுதான் அவளுக்கும்" என்றாள். தையல்காரி தன் அளவையே எடுத்துத் தைத்தாள், அம்மா அதை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வருஷம் தவறாமல் ஒரு துணி வருகிறது. பழையதெல்லாம் இப்போது அவளுக்கு இறுக்கமாகத்தான் இருக்கும்.

சமையல் ஆனதும் அடுப்படியிலிருந்து அம்மா, "வாங்க, சாப்பிடுங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாள். தையல்காரி கை கழுவிக்கொண்டு போய் உட்காருகிறாள்.