சீர்த்தட்டும் கடைவாய்ப் பல்லும்

"ஒத்தப் பல்லுக்கு நாலாயிரத்து ஐநூறா? புடுங்கிப் போட்டா தீந்துது. பெரியாஸ்பத்திரியில சும்மாவே புடுங்குவாங்க."

பழனியம்மாள் இட்லித் தட்டை மேசையில் வைத்த வேகத்தில் சட்னி தெறித்தது. மருமகள் சரிதா ஈரத்துணியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நின்றாள். இடப்பக்கம் வீங்கி, கண்ணே சிறுத்துப் போயிருந்தது.

"வேரைச் சுத்தம் பண்ணி மூடி போட்டா பல்லு நிக்குமுன்னு டாக்டரு சொல்றாருங்க அத்தை. அந்தப் பக்கம் ஏற்கெனவே ரெண்டு போயிருச்சு. இதும் போனா மெல்லவே முடியாதுங்க."

"சொல்லாம என்ன பண்ணுவான்? அவனூட்டுலயும் அடுப்பெரியோணுமல்ல?" என்றான் அவள் புருஷன் கோகுல்ராஜ், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். போனில் சீர்த்தட்டு அலங்காரம் செய்பவன் அனுப்பிய படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை தம்மம்பட்டியில் அவன் அக்கா மகளுக்குத் தெரட்டி. வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன் தட்டு வரிசையோடு போய் இறங்க வேண்டும். "பெரிய மாமன் ஊட்டுத் தெரட்டியில போன மாசம் ஐம்பத்தொரு தட்டு வந்துதும்மா. நாம நூத்தியொண்ணு. செண்டை மேளமும் சொல்லிட்டேன்."

"செய்யி சாமி. மானம் போவக்கூடாது."

அந்தத் தட்டுகளில் அப்படி என்னதான் இருக்கும்? ஒன்றில் நாலு சாக்லேட்டைக் கோபுரமாக ஒட்டியிருப்பார்கள். இன்னொன்றில் அன்னாசிப்பழத்துக்கு மூக்குக்கண்ணாடி மாட்டியிருப்பார்கள். பெண்ணுக்கு ஆகிற பொருள் பத்துத் தட்டில் அடங்கிவிடும், மிச்சமெல்லாம் வீடியோக்காரனுக்கு.

"அப்ப என்ற சம்பளத்துல எடுத்துக்கறனுங்க" என்றாள் சரிதா.

கோகுல்ராஜ் இப்போதுதான் நிமிர்ந்தான். "என்ற சம்பளம், உன்ற சம்பளமுன்னு இந்த ஊட்டுல எப்பருந்து பிரிஞ்சுது?"

பிரியத்தான் இல்லை. குமாரபாளையத்தில் ஒரு லுங்கிக் கம்பெனியில் துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். சம்பளம் ஏறும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு மாமியாரின் பீரோவில். வங்கியிலிருந்து வரும் ரகசிய எண் புருஷனின் போனுக்கு. அவன் நாலு தறி ஓட்டுகிறான். நூல் விலை ஏறினால் தறி நின்றுவிடும், இவள் சம்பளம் நிற்காது. ஆனாலும் ஊருக்கு அவன்தான் சம்பாதிக்கிறவன், இவள் 'கூடமாட ஒத்தாசை'. முன்பு பஸ்ஸுக்கு என்று தினம் இருபது ரூபாய் கொடுத்தார்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று ஆனதும் மாமியார் அதையும் நிறுத்திவிட்டாள். அரசாங்கம் இவளுக்குக் கொடுத்தது, இப்படிப் பீரோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சரிதா தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தப்பு அவர்கள் மேல் மட்டுமா? 'எம் மருமவ சிக்கனக்காரி' என்று மாமியார் நாலு பேர் முன்னால் சொன்னபோதெல்லாம் இவளுக்கு உச்சி குளிர்ந்திருக்கிறது. கடையில் ஒரு பொருளைத் தொடுமுன் விலையைப் பார்ப்பாள். விலையைப் பார்த்ததும் வீட்டில் சொல்லப்போகும் பொய்யை யோசிப்பாள். முப்பது ரூபாய்க் கிளிப்பை, தன்னோடு வேலை செய்பவள் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் ஓவர்டைம் காசில் கடலை வாங்கித் தின்றுவிட்டு, திருடியவளைப் போல வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். தான் உழைத்த காசில் தான் தின்ற கடலை! நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் ஒரு வாய்ச் சோறு பல்லில் பட்டதும் உயிர் போய் வந்தது. டப்பாவை மூடிவிட்டு நேரே கேஷியரிடம் போனாள். போன வருஷம் போஸ்ட்மேன் கம்பெனிக்கே வந்து எல்லாருக்கும் தபால் கணக்கு திறந்துவிட்டுப் போயிருந்தார். அதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டதாக அவள் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த மாசத்துலருந்து சம்பளத்தத் தபால் கணக்குல போடுங்க சார்."

"ஊட்டுல கேட்டுட்டியாம்மா?" என்றார் கேஷியர்.

"வேல பாக்கறது நானுங்க. ஊடு இல்லீங்க."

சனிக்கிழமை சம்பளம் ஏறியது. "பல்லு டாக்டருகிட்டப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். புடுங்கத்தான் போகிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். போகிற வழியில் தபாலாபீசில் கைரேகை வைத்துக் காசை எடுத்துக்கொண்டாள்.

பல்லின் வேரைச் சுத்தம் செய்துகொண்டு, வாயில் பஞ்சோடு டாக்டர் அறையிலிருந்து வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கோகுல்ராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் அம்மா. சீர்ச் சாமான் வாங்க இரண்டு பேரும் வண்டியில் கிளம்பியிருந்தார்கள், ஏ.டி.எம்.மில் காசு வரவில்லை.

"தட்டுக்காரன் ஊட்டு வாசல்ல நிக்கறான். சம்பளம் எங்கடி?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சரிதாவுக்கு உதடு மரத்துப்போயிருந்தது. பேச்சு குழறினாலும் புரிந்தது. "கொஞ்சம் என்ற வாயில இருக்குதுங்க. மீதி என்ற கணக்குல."

"திமிரா? நாளைக்கு எங்கக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"உங்க தறிக் காசுல எத்தன தட்டு வருமோ, அத்தன எடுங்க."

பழனியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்துப்போன உன்ற மாமனாரு எனக்கு ஏழு பல்லப் புடுங்க வெச்சாரு. கேட்டனா ஒரு வார்த்த? ஒரு பக்கமாத்தான் தின்னுட்டுக் கெடக்கறேன். செத்தா போயிட்டேன்?"

கோகுல்ராஜுக்கு ஏழு பல்லும் காதில் விழவில்லை. அவன் கண் அம்மாவின் கழுத்தில் இருந்தது. "அம்மா, அந்தச் சங்கிலியக் கழட்டு. அடகு வெச்சுட்டு அடுத்த மாசம் திருப்பிக்கலாம்."

கிழவியின் கை சட்டென்று சங்கிலிக்குப் போயிற்று. அது அவள் பிறந்த வீட்டில் போட்டது. அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் அவளிடம் இல்லை.

"கழட்டும்மா, நேரமாவுது!"

கொக்கி விரலுக்கு அகப்படவில்லை. பழக்கதோஷத்தில் மருமகள் பக்கம் பிடரியைத் திருப்பினாள். "இதக் கழட்டி உடு."

"என்ற கையால மாட்டேனுங்க அத்தை."

"அடங்காப்பிடாரி" என்று கறுவிக்கொண்டே பழனியம்மாள் தானே இழுத்துக் கழற்றினாள். மகன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். பெற்றவளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கிழவி வாசலையே பார்த்து நின்றாள். பிறகு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து வெறும் கழுத்தைத் தடவினாள். உள்ளே அடுத்தவரின் பேரைக் கூப்பிட்டார்கள்.

"எல்லாம் உன்னாலதான்" என்றாள் கடைசியில். "அடுத்த மாசச் சம்பளத்துல மொதல் வேலையா என்ற சங்கிலியத் திருப்பிக் குடுத்துரு."

சரிதா பஞ்சை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். "வெச்சவருதானுங்க திருப்போணும். ஆனா என்ற காசுல உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு செய்யறேன். சங்கிலியத் திருப்பட்டுமா, பல்லு போன பக்கம் பல்லுக் கட்டட்டுமா? உங்களுக்கு எது வேணும்? நீங்களே சொல்லுங்க."

பழனியம்மாள் அவளை விழித்துப் பார்த்தாள். அப்பன் கேட்டதில்லை, புருஷன் கேட்டதில்லை, பெற்ற மகனும் கேட்டதில்லை. இந்த வயதுவரை ஒருவரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மருமகளைத் திட்டுவதுதான். அங்கிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி திட்டினாள். திட்டத் திட்ட அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.