மெழுகுவர்த்தி அணைந்தும் இறங்கினாராம்

பந்தெலெயைப் போலப் பயந்தாங்கொள்ளி மால்டோவாவிலேயே கிடையாது என்று ஊரார் கேலி செய்வார்கள். மது பொங்கும் மாதத்தில் நிலவறைக்குள் இறங்க எல்லோரும்தான் மெழுகுவர்த்தி பிடிப்பார்கள். அவரோ படிக்கொரு தரம் நின்று சுடரைப் பார்ப்பார், சற்றுச் சுருங்கினாலும் திரும்பிவிடுவார். பழச்சாறு பொங்கும்போது கிளம்பும் காற்று ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்; அதில் முதலில் அணைவது சுடர்தான்.

இந்த வருடம் பனி திராட்சையைக் கருக்கிவிட்டது. மகள் வெரோனிகாவுக்கோ ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். கடையில் வாங்கிய மதுவைக் கல்யாண விருந்தில் ஊற்ற அவருக்கு மனம் ஒப்பவில்லை. முள் கிழித்த கைகளோடு காடு காடாக அலைந்து, காட்டுப் பிளம்ஸ் பறித்து இரண்டு பீப்பாய் நிரப்பி நிலவறையில் பொங்க வைத்தார்.

இத்தாலியில் வேலை செய்யும் வெரோனிகா விடுமுறைக்கு வந்தபோது, நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குப்பா மெழுகுவர்த்தியோட மல்லுக்கட்டுவ? இதை மாட்டிக்கிட்டா ரெண்டு கையும் சும்மா இருக்கும்."

மகள் கொடுத்தது என்று மனிதர் சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றவில்லை. அவள் திரும்பிப் போன மறுவாரம், மெழுகுவர்த்தி இல்லாமல் அந்த விளக்கோடு இறங்கினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. காற்று கெட்டாலும் அது எரியும் என்பது அந்தப் பாவிக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டுக் கவ்ரில் நிலவறைக் கதவுகளைத் திறந்து போட்டு, கெட்ட காற்று வெளியேறிய பிறகு கயிறு கட்டி உடலை மேலே இழுத்தார். நெற்றி விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. பந்தெலெயின் மனைவி அக்லயா அதைக் கழற்றி ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க இதைப் பாக்கல."

"என்னம்மா பேசற?"

"அவ ஆசையா வாங்கிக் குடுத்ததுண்ணே. தெரிஞ்சா அந்தப் பொண்ணு உயிரோட இருக்கமாட்டா."

கவ்ரில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு தலையசைத்தார்.

மறுநாள் வந்து இறங்கிய வெரோனிகா அழக்கூட இல்லை. முதல் கேள்வியே அதுதான்.

"அப்பா மெழுகுவர்த்தி எடுத்துட்டுப் போனாராம்மா? நான் குடுத்த விளக்கு?"

"விளக்கு பெட்டியில இருக்குடி. மெழுகுவர்த்திதான் எடுத்துட்டுப் போனாரு. அது அணைஞ்சிருச்சு. அணைஞ்சும் இறங்கிட்டாரு."

ஊருக்குப் பேச இது போதாதா? அணைந்தும் இறங்கினாராம், குடித்திருப்பார், திமிர் என்று சவப்பெட்டியைச் சுற்றியே கிசுகிசுத்தார்கள். ஒரு வார்த்தையில் அக்லயா அவர்கள் வாயை அடைத்திருக்கலாம். பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவரை அவளே ஊர் வாயில் போட்டுவிட்டாள்.

வெரோனிகா சவப்பெட்டியை இரண்டு கைகளாலும் அறைந்தாள்.

"அப்படி என்னப்பா அவசரம் உனக்கு? என்னை நினைச்சுப் பாக்கவே இல்லையா? உன்னை மன்னிக்கவே மாட்டேன், போ!"

அக்லயா மகளைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஆமாடி," என்றாள், "உங்கப்பா எப்பவுமே எதையும் யோசிக்காத மனுஷன்."