வெள்ளிக்கிழமை மினுக்கிய வெள்ளி

என் மனிசன் இரத்தினவேலுக்கு அந்தக் காசு என்றால் உயிர். அதன் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடிப்பார். என்னை ஒருநாளாவது அப்படிப் பக்குவமாய்த் தொட்டிருப்பாரா? 1893ஆம் ஆண்டு அடித்த அமெரிக்க வெள்ளி டொலர் அது. பின்பக்கத்தில் குட்டியாய் ஓர் எஸ் எழுத்து இருக்கும். அந்த எழுத்துள்ள காசுக்காக எத்தனையோ வருடம் அலைந்தவர். தரத்துக்கு மார்க் போட்டு, பெட்டியில் அடைத்துத் தரச்சொல்லி அதை அமெரிக்காவுக்கு அனுப்புவதாக இருந்தார்.

போன ஞாயிறு அருள்நாயகம் அண்ணை பெண்சாதியோடும் கூட்டாளிமாரோடும் எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்தார். அவரும் காசு சேர்ப்பவர். மனிசன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வகுப்பைத் தொடங்கினார்.

"மினுக்கின காசு செத்த காசு, கண்டியளோ. இந்த நீலமும் மஞ்சளும் ஊத்தையில்லை, வயசு. தேய்ச்சா ஒருத்தனும் தரம் போடமாட்டான். தேய்மானம் பாக்க ரெண்டு இடம். முன்பக்கம் இந்தப் பொம்பிளையின்ர காதுக்கு மேல மயிர். பின்பக்கம் கழுகின்ர நெஞ்சு."

நான் வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தேன். மனிசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பிடிப் பாத்தா எங்கட பேபிக்கு ரெண்டு இடத்திலையும் மார்க் இல்லை!"

பேபி என்பது நான்தான். போன வருடம் எனக்கு ஒரு மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றிக் கொட்டுண்ட மயிர் காதுக்கு மேல் இன்னும் சரியாக முளைக்கவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தார்கள். அண்ணையின் பெண்சாதி மட்டும் குனிந்து வடையைப் பார்த்தார்.

நாசமாய்ப் போவான்! மனதுக்குள் மனிசனைத் திட்டினேன். ஆனாலும், "இன்னொரு வடை எடுங்கோ அண்ணை," என்றேன்.

"அவளுக்கு உதொண்டும் விளங்காது," என்றார் மனிசன்.

ஏன் விளங்காது? ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு, சாமியறைக் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்கினேன். பிறகு அவருடைய மேசை லாச்சியைத் திறந்து காசை எடுத்தேன். வெள்ளிக்குத் திருநீறுதான் நல்லது. நீலம் போனது, மஞ்சள் போனது. எனக்கு அது போதவில்லை. சட்டி தேய்க்கிற கம்பித்தும்பை எடுத்து முதலில் காதுக்கு மேல் தேய்த்தேன். பிறகு கழுகின் நெஞ்சு. நான் அவசரப்படவில்லை. காசுக்குக் குங்குமப் பொட்டும் வைத்து, விளக்கடியில் வைத்தேன்.

வேலையால் வந்தவர் கண்டார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. காசை எடுத்தார். பொலபொலவென்று கண்ணீர் விட்டார். எனக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று அந்தக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"என்னடி செய்தனி?"

"இண்டைக்கு வெள்ளியெல்லோ? விளக்கோட சேத்து மினுக்கினனான். ஊத்தையாக் கிடந்தது."

"மோட்டுக் கழுதை! உனக்கு ஒரு இழவும் விளங்காது!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓம். அதைத்தானே ஊருக்கெல்லாம் சொல்லுறனீங்கள்."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எனக்குப் பாவமாக இல்லை, துளிகூட இல்லை. அவர் கையிலிருந்து காசை வாங்கினேன். விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, முன்னும் பின்னும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அவர் அழுகையை விட்டுவிட்டு என் விரல்களையே பார்த்தார்.

"காதுக்கு மேல மயிர் இல்லை, நெஞ்சும் இல்லை," என்றேன். "ரெண்டு இடத்திலையும் மார்க் இல்லையப்பா. தேத்தண்ணி ஊத்தட்டே?"