திரைக்கு அந்தப் பக்கத்துச் சோகி

1

இந்தக் கதை என் தங்கச்சி நபீலாவின் போனிலிருந்து வந்தது. இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து விளையாடுகிறவள் அவள்.

"உன்ட கூட்டாளி ஆரு?" என்று கேட்டேன்.

"தெரியா. முகம் காணல்ல. ஆனா நான் மாட்டினா விட்டுட்டு ஓடமாட்டா."

கட்டுரை எழுத உட்கார்ந்தேன். 'நல்ல கூட்டாளிக்கு இருக்கவேண்டிய பண்புகளாவன—'

[பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது. இங்கேயே நிற்கட்டும்.]

கட்டுரை வரவில்லை. ஜவுபர் வந்தான்.

2

1984, கல்முனை, மாரி மழை. பொத்துவிலிலிருந்து வந்து சுபைறாவைக் கட்டி, வழக்கப்படி பெண் வீட்டில் குடியேறியவன் ஜவுபர். [முதலில் அவனுக்கு முறுக்குமீசை வைத்தேன். பொருந்தவில்லை, வழித்துவிட்டேன்.] புது மருமகன் முன்னால் மாமி வருவதில்லை, நேரே கதைப்பதுமில்லை. அது அவனுக்கும் தெரிந்த மரியாதைதான். ஆனால் அவனுடைய காக்காவின் (அண்ணனின்) மாமி ஒரு கிழமையிலேயே கதைத்துவிட்டா. சுபைறாவின் தாய் ஹாஜறா மாமி மாதம் கடந்தும் வாய் திறக்கவில்லை.

"அவக்கு என்னப் புடிக்கல்ல. வெள்ளிக்கிழமை உம்மாட்டப் போறன்," என்றான் சுபைறாவிடம்.

"எப்ப வருவீங்க?"

"பார்ப்பம்."

அந்தப் 'பார்ப்பம்' சுபைறாவுக்குப் பிடிக்கவில்லை. கட்டம் கீறிச் சோகி (சோழி) உருட்டும் விளையாட்டை அவள் வெளியே எடுத்தது அதனால்தான். அதற்கு நாலு பேர் வேண்டும்.

"மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்கு நான் வாறதா?" என்றா ஹாஜறா.

"திரைக்குப் பின்னால இருங்க உம்மா. அவரும் நீங்களும் ஒரு கட்சி."

மறுகட்சி சுபைறாவும் தங்கை ஜுனைதாவும்.

3

மாமி திரைக்குள்ளே சோகி உருட்டி எண்ணைச் சொல்லுவா. வெளியே உள்ளவர்கள் நம்பவேண்டும். (விஞ்ஞானம் படித்தவளின் குறிப்பு: மெல்லிய திரையில் இருட்டுப் பக்கம் இருப்பவருக்கு வெளிச்சப் பக்கம் தெரியும். மறுவளமாகத் தெரியாது.)

"ஜுனைதா, ரெண்டு எண்டு மாப்பிள்ளைட்டச் சொல்லு."

"மச்சான், ரெண்டாம்."

"கேட்டிச்சி," என்றான் ஜவுபர்.

இப்படியே போனது. [இந்த இடத்தில் ஒரு யானையைக் கொண்டுவந்தேன். இறக்காமத்துக் காட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.]

பிறகு மாமிக்கு மூன்று விழுந்தது. அவவின் முன்காய் அதிலேயே கடைசிக் கட்டம் தாண்டிப் பழமாகியிருக்கும். அவவோ பின்காயை நகர்த்தி, ஜவுபரின் காயோடு சேர்த்து வைக்கச் சொன்னா. சேர்ந்திருக்கும் காயை மறுகட்சி வெட்ட ஏலாது. ஜவுபருக்கு வழக்கம் மறந்துபோனது.

"மாமி, வேணாம்! பழத்த எடுங்க!"

சுபைறா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க சும்மா இருங்க மருமகன்," என்றது திரை. "உங்கட காய வெட்டக் குடுத்திட்டுப் பாத்திட்டிருக்கவா நான் இருக்கன்?"

ஜவுபர் குனிந்து, சிரிப்பை மடிக்குள் ஒளித்தான்.

4

கடைசியில் மாமியின் முன்காய் மட்டும் மிச்சம். மூன்று விழுந்தால் வெற்றி. உள்ளே சோகிகள் உருண்டன.

"மூணு!"

"பொய்! உம்மா அளாப்புறா!" ஜுனைதா திரையைத் தூக்கப் பாய்ந்தாள். ஜவுபர் திரையின் ஓரத்தை நிலத்தோடு அழுத்திப் பிடித்தான்.

"விடுங்க மச்சி. மாமி மூணெண்டா மூணுதான்."

முடிவு ஒன்று: உண்மையாகவே மூன்று.

முடிவு இரண்டு: விழுந்தது ரெண்டு. வாழ்நாளில் அவ அளாப்பி ஏமாற்றியது அந்த ஒரு தரம்தான்.

முடிவு மூன்று:

[எழுதவில்லை. "எதா இருந்தா என்ன, அவர் தூக்கிப் பாக்கல்லயே," என்கிறாள் நபீலா.]

வெள்ளிக்கிழமை பொத்துவில் பஸ் போனது. ஜவுபர் போகவில்லை. "மருமகன், சோறு ஆறுது," என்று திரை கூப்பிட்டது.

சோகிகள் இன்னும் உள்ளேதான் கிடக்கின்றன. நானும் வெளிச்சப் பக்கம், நீங்களும் வெளிச்சப் பக்கம். திரை உங்கள் கைக்கு எட்டும். ஜவுபர் பிடித்திருக்கிறான், கவனம்.