முத்திரைத்தாளில் முடியாத கல்யாணம்

மாப்பிள்ளை மோகனசுந்தரத்தின் பெரியப்பா பெரியமுத்து, முத்திரைத்தாளும் கையுமாகப் பொள்ளாச்சியிலிருந்து வந்திறங்கினார். கூடவே நாலைந்து பெரியவர்கள். எல்லை தாண்டிக் கேரளாவிலிருக்கும் வடகரப்பதியில், பெண்ணைப் பெற்ற மாரப்பன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"அம்மிணி தாலியக் கழட்டிக் குடுத்துட்டு இதுல கையெழுத்துப் போட்டா அத்துப் போச்சுங்க. நகைப் பேச்செல்லாம் வேண்டாம்," என்றார் பெரியமுத்து.

மாரப்பன் முத்திரைத்தாளை வாங்கிப் பார்த்தார். அவர் மகள் யோகப்பிரியா அடி தாங்காமல் தாய்வீடு வந்து ஒன்றரை வருசம். கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் தோலை உரிப்பான் என்பது மாரப்பனின் எண்ணமாக இருந்தது. அதுவும் கல்யாணம் நடந்தது பொள்ளாச்சி மண்டபத்தில். கேரளாக் கோர்ட் அதைத் தொடாது என்று எல்லைப்பக்கத்து ஆட்கள் சொல்வதையே அவரும் நம்பியிருந்தார்.

போன வாரம் மகள் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் இலவசச் சட்ட உதவிக்குப் போய்விட்டு வந்து வேறு கதை சொன்னாள். இலவசம் என்றதுமே மாரப்பனுக்குச் சந்தேகம். தனியாகப் போய் அங்கிருந்த வக்கீலம்மாவைக் குடைந்தார். அதுவும் போதாமல் பாலக்காட்டில் காசு கொடுத்து இன்னொரு வக்கீலைக் கேட்டார். இரண்டு வாயிலும் மகள் சொன்ன அதே பேச்சு.

"ஏனுங்க சம்மந்தி, இதுல கையெழுத்துப் போட்டா உங்க பையன் வேற கண்ணாலம் கட்டலாமுங்களா?" என்றார்.

"தாராளமா! தையில நாள் பாத்தாச்சுங்களே."

யோகப்பிரியா முன்னால் வந்தாள். "கோர்ட்டு தீர்ப்புச் சொல்ற வரைக்கும் நான்தானுங்க பொண்டாட்டி. அதுக்கு முன்னால கட்டுனா அது செல்லாது, ஜெயிலுக்கும் போகோணும். எனக்குப் போட்ட நகை என்னோடது, அது வந்தாகோணும்."

"அப்பப் பொள்ளாச்சிக் கோர்ட்டுக்கு அலைஞ்சு சாவு!"

"நான் இருக்கற எடத்துலயே போடலாமுங்க மாமா. நீங்கதான் பாலக்காட்டுக்கு வரோணும்."

பெரியமுத்து மாரப்பனைப் பார்த்தார். "புள்ளையப் பேச உட்டுட்டு உக்காந்திருக்கீங்களே!"

"நல்லாத்தானுங்க பேசறா," என்றார் மாரப்பன்.

தை வந்தது, கல்யாணம் வரவில்லை. பாலக்காட்டுக் குடும்ப நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ்தான் போனது. கட்டுவதாக இருந்த பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அதன் பிறகு மோகனசுந்தரம் நகையை ஒப்படைத்து, பிரிய இருவருக்கும் சம்மதம் என்று மனுவில் கையெழுத்துப் போட்டான்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வராந்தாவில் மாரப்பன், "எம்புள்ள ஜெயிச்சுட்டா!" என்று கத்தினார். சத்தம் போடாதே என்று ஒரு போலீஸ்காரன் மலையாளத்தில் அதட்டினான்.

"அப்பா, மெதுவாப் பேசுங்க," என்று யோகப்பிரியா சிரித்தாள்.

"நாம எதுக்கு அம்மிணி மெதுவாப் பேசோணும்?" என்று அதைவிட உரக்கக் கேட்டார் மாரப்பன்.