பாதியில் செத்த த்ரெட்

தில்லைநாயகம் சார் பைத்தான் புரோகிராமிங் படித்தது யூடியூபில். அதில் தப்பில்லை, நானும் பாதி அங்கேதான் படித்தேன். ஆனால் அவர் எந்த வீடியோவையும் முழுசாகப் பார்க்கமாட்டார். ஒன்றை எப்படி ஓடவைப்பது என்று தெரிந்ததும் மூடிவிடுவார். அதை எப்படி நிறுத்துவது என்று சொல்லித்தருவதற்குள் மனுஷன் விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்திருப்பார்.

வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அவர் முதலாளி. நான், சித்ரலேகா, இருக்கிற ஒரே புரோகிராமர். வாசல் பலகையில் ‘நிபுணர் குழு’ என்று போட்டிருக்கும். குழுவைத் தேடி வருகிறவர்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுப்பேன்.

சாலோமி அக்கா அந்தப் பலகையை நம்பித்தான் வந்தார். பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு மணிமுத்தாறு போகிற வழியில் மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருந்தார். ஆற்றுச் சேல்கெண்டையைத் தொட்டியில் பொரிக்கவைக்க முடியாது என்று சொன்ன எல்லாரையும் பொய்யாக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். தாய்மீன்களை வருஷக்கணக்கில் வளர்த்து, இந்தக் கார் பருவத்துக்குத்தான் முதல்முதலாகக் குஞ்சு பொரித்திருந்தது. ஒரே தொட்டி. எட்டிப் பார்த்தால் தண்ணீரில் தூசி பறக்கிறதுபோல இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு தூசிக்கும் இரண்டு கண்.

அந்தத் தொட்டியில் தினமும் கொஞ்சம் பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். அதை ஒரு சின்னக் கணினி பார்த்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதினேன். திரையில் தண்ணீர் அளவு தெரிந்துகொண்டிருக்க, பின்னால் த்ரெட் என்று புரோகிராமின் ஒரு கிளை தனியாக ஓடும். வடிகால் வால்வைத் திறக்கும், காத்திருக்கும், மூடும், பிறகு மோட்டாரைப் போட்டு நிரப்பும். வால்வு தானாக எதுவும் செய்யாது. திற என்றால் திறக்கும், மூடு என்றால் மூடும், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் இருந்தபடி இருக்கும்.

அதனால் ‘நிறுத்து’ பொத்தானை நான் பார்த்துத்தான் எழுதினேன். அழுத்தினால் த்ரெட்டுக்குத் தகவல் போகும். அது முதலில் வால்வைச் சாத்தி, தண்ணீரை நிரப்பிவிட்டு முடித்துக்கொள்ளும். அதுவரை புரோகிராம் காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்பு சாருக்குப் பிடிக்கவில்லை. “என்னம்மா இது, நிறுத்துன்னு சொன்னா நிக்கணும்லா? வந்தவங்க முன்னால மானம் போயிரும்” என்றார். அது ஏன் அப்படி என்று சொன்னேன். கேட்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. மின்விசிறிகூட ஆடும்.

துவக்க விழாவைப் பண்ணையில் புதன்கிழமை வைத்தார். அவர் காரில்தான் நானும் போனேன். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டி மூடிவிடவேண்டும், முதல் ஓட்டம் ராகுகாலத்துக்குள் நீளக்கூடாது, பிறகு ஒன்றரைக்கு மேல் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சாலோமி அக்கா ஜெபம் பண்ணினார். சார் லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். எல்லாம் வைத்து, எல்லாரும் போட்டோ எடுத்து முடிக்கையில் பன்னிரண்டு ஆகப்போகிறது. அவசர அவசரமாக ஓடவிட்டார். வால்வு திறந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ‘நிறுத்து’ என்று அழுத்தினார். திரை அந்த நிமிஷமே மறைந்தது. காத்திருக்காமல் எப்படி மூடியது என்று கேட்கப்போனேன். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பந்தல் தோட்டத்தின் அந்தக் கோடியில். சைவக்காரரான சாருக்காகச் சாலோமி அக்கா சொதியும் இஞ்சித் துவையலும் ஆள் வைத்துச் செய்திருந்தார். சார் மூன்றாவது தடவை சொதி வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா, எப்படிச் சட்டுனு நின்னுச்சுன்னு? நீ எழுதுன காத்திருப்பையெல்லாம் காலைல நான் எடுத்துட்டேன். த்ரெட்டை டீமன்னு போட்டேன். புரோகிராமை மூடுனா அதுவும் கூடவே செத்துரும். ஒரே வரி! ஒனக்குத்தான் ஒரு பக்கம் வேணும்.”

“சார், வால்வ யாரு மூடுனா?”

“அதான் நின்னுட்டுல்லா?”

நான் இலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எச்சில் கையோடு ஓடினேன். தொட்டித் தண்ணீருக்குக் காற்று விடும் குழாய் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் தூரத்திலிருந்து எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் கேட்டது. தொட்டியில் தண்ணீர் இல்லை. வடிகால் திறந்தது திறந்தபடி கிடந்தது. வெறும் சிமெண்டுத் தரையில் குழாய் புஸ்ஸு புஸ்ஸென்று காற்றை ஊதிக்கொண்டிருந்தது. குஞ்சுகளில் வாய்க்காலோடு போனது போக, மீதி தரையெங்கும் ஈரமாக ஒட்டியிருந்தது. வால்வைக் கையால் திருகி மூடினேன். மூடி என்ன?

பின்னாலேயே சாலோமி அக்கா வந்தார். தொட்டிக்குள் இறங்கி, நடுவில் தேங்கியிருந்த ஒரு கை தண்ணீரில் எதுவோ நெளிவதைப் பார்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டீ கிளாஸால் பைய மோந்து வாளியில் விட ஆரம்பித்தார். நானும் இன்னொரு கிளாஸோடு இறங்கினேன்.

சார் பல்குச்சியோடு வந்து சேர்ந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், லேப்டாப்பைத்தான் போய்த் திறந்தார்.

“புரோகிராம்ல ஒரு எரர்கூட வரலியே. இங்கன பாரும்மா, சுத்தமா இருக்கு.”

செத்துப்போனது எப்படி எரர் காட்டும்? இந்த ஆளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. வாழ்க்கையில் ஒரு மனிதனை இவ்வளவு கேவலமாக நான் நினைத்ததில்லை.

“கவலப்படாதீங்க டீச்சர்” என்றார். “மீன்குஞ்சுதான, மறுபடியும் விட்டுக்கிடலாம். ஒரு வாரத்துல ஆயிரும்லா?”

“அடுத்த காருக்குத்தான் அண்ணாச்சி முட்ட வைக்கும்” என்றார் சாலோமி அக்கா, தலை நிமிராமல். “தாய்மீனு அதுவர இருந்தா.”

சார் போய்க் காரில் உட்கார்ந்து ஏசியைப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஹாரன் அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. அடித்துக்கொண்டே கிடக்கட்டும் என்று இருந்தது. அந்தக் காரில் இனி ஏறப்போவதில்லை, நாளைக்கே வேலையை விட்டுவிடலாம், இப்போது அக்காவோடு கடைசிக் குஞ்சுவரைக்கும் மோந்து கொடுத்துவிட்டு பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுபடியும் ஹாரன்.

சாலோமி அக்கா என் கையிலிருந்த கிளாஸை வாங்கித் தரையில் வைத்தார்.

“நீயும் போ தாயி” என்றார். “அந்தக் கார்லதான வந்த.”