துப்பறியும் நாகம்மாள்

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்திருந்தேன். பதிப்பாளர் இளையபெருமாள் என் நாவலின் அச்சுப்படியை நீட்டினார். முதல் பக்கத்திலேயே என் துப்பறிவாளர் நாகம்மாளைக் காணவில்லை. முப்பது ஆண்டுகள் வயலில் நடவு ஆட்களை வைத்து வேலை நடத்திய, முழங்கால் வலியுள்ள, எவரையும் எளிதில் நம்பாத அந்த விதவை இருந்த இடத்தில், ராஜ்குமார் என்னும் இளைஞன் கைத்துப்பாக்கியோடு நின்றான்.

“யாரு இவன்?”

“ஹீரோம்மா. பஸ் ஸ்டாண்டுல புத்தகம் வாங்குறவனுக்கு அடிதடி வேணும். உங்க நாகம்மா நாலு படி ஏறினா உட்கார்ந்துடுறாங்க.”

“உட்கார்ந்த இடத்துலேர்ந்துதானே கொலைகாரனைப் பிடிக்கிறா?”

“அவங்களையும் விட்டு வச்சிருக்கேம்மா. ராஜ்குமாருக்கு டீ கொண்டாந்து தராங்க.”

எழுபத்தொரு வயதில் கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். இதே குறையைச் சொல்லி இரண்டு பதிப்பகங்கள் முன்பே நாவலைத் திருப்பி அனுப்பியிருந்தன. மூன்றாம் முறையும் வாங்கிக்கொண்டு போவதா, தலையாட்டிவிடுவதா என்று தெரியாமல் அமர்ந்திருந்தேன்.

கணினியில் பக்கம் கட்டிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் திரும்பாமலேயே கேட்டாள்: “சார், அம்பதாம் பக்கம் நீங்க எழுதினதா?”

“ஏன்?”

“மறுநாள் அறுப்புன்னு இருக்கு. அந்த வயல்ல ராஜ்குமாரு முழங்கால் தண்ணியில துரத்திக்கிட்டு ஓடுறாரு. பத்து நாள் முன்னாடியே தண்ணியை வடிச்சிருப்பாங்களே? இல்லன்னா அறுப்பு மிஷின் புதைஞ்சிடாதா?”

இளையபெருமாள் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். அவருடைய நிலம் அவர் தந்தை காலத்திலிருந்தே குத்தகையில் இருக்கிறது. வரப்பில் கால் வைத்தவரல்லர்.

“அம்மா எழுதினதுல துப்பே அதுதான் சார். கொலை நடந்த அன்னிக்கு எங்க போனீங்கன்னா, ‘விடியக்காலம் தண்ணி வைக்கப் போனேன்’னு மிராசுதார் சொல்றாரு. கதிர் முத்துன வயலுக்கு எவன் தண்ணி வைப்பான்னு நாகம்மா கேக்குது. ஆளு மாட்டிக்கிறாரு. உங்காளு மெட்ராஸ்காரரு, அவருக்கு என்னத்தத் தெரியும்?”

“மாயவரம் வரைக்கும் சிரிப்பானுங்களே!” என்று இளையபெருமாள் நெற்றியைத் தேய்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சரிம்மா, நாகம்மாவே இருக்கட்டும். ஆனா அட்டை அடிச்சு வந்தாச்சு. அதுல ராஜ்குமார்தான் நிக்கிறான். இனிமே மாத்த முடியாது.”

“வெளியிலயே நிக்கட்டும். உள்ளே மட்டும் விடாதீங்க.”

கண்ணாத்தாளுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிவப்பு மையால் அவனை வரி வரியாக அடிக்கத் தொடங்கினேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. இடுப்பு வலித்தது.